ஸ்நேப் யாருடைய ஆள்? பட்டிமன்றத்தில் எந்த அணிக்குப் பேசலாம்

ஏப்ரலில் தமிழ்மொழி விழா வருகிறது. எங்கள் வாசிப்புக் குழுவின் இளையர்கள் இந்த முறை பட்டிமன்றத் தலைப்பைத் தாங்களே முடிவு செய்துவிட்டார்கள்: ஹாரி பாட்டர் கதையில் வரும் பேராசிரியர் ஸ்நேப் உண்மையில் யாருடைய ஆள்? அணிகள் மூன்று. பள்ளித் தலைமையாசிரியர் டம்பிள்டோரின் ஆள் என்று ஓர் அணி, அவருடைய எதிரியான தீய மந்திரவாதி வோல்டமார்ட்டின் ஆள் என்று ஓர் அணி, யாருக்கும் ஆள் இல்லை, தன் காரியத்தை மட்டும் பார்த்துக்கொண்டவர் என்று ஓர் அணி. முதல் ஆறு புத்தகங்களிலிருந்துதான் ஆதாரம் காட்ட வேண்டும் என்பது விதி. ஏழாவதைப் படித்தவர்கள் அதைப் பற்றி மூச்சு விடக்கூடாது. நானும் இங்கே விடப்போவதில்லை.

எந்த அணியில் சேரலாம் என்று ஆளாளுக்குக் கேட்கிறார்கள். தனித்தனியாகச் சொல்வதைவிட ஒரே இடத்தில் எழுதிவிடலாம் என்று தோன்றியது.

முதலில் அந்த விதியைப் பற்றி. ஆறாவது புத்தகம் 2005 ஜூலை 16 அன்று வந்தது, ஏழாவது 2007 ஜூலை 21 அன்று வந்தது. இரண்டுமே சனிக்கிழமை. லண்டனில் நள்ளிரவு 12.01 ஆகும்போது இங்கே சிங்கப்பூரில் காலை 7.01. அதனால் மற்ற ஊர்ப் பிள்ளைகள் ராத்திரி விழித்திருந்து வாங்கியதை நம் பிள்ளைகள் விடிகாலையில் வரிசையில் நின்று வாங்கினார்கள். இந்த இரண்டு சனிக்கிழமைகளுக்கும் நடுவில் இருந்த இரண்டு ஆண்டுகளும் ஸ்நேப்பைப் பற்றிய வாதத்தின் பொற்காலம். பள்ளிக் கேண்டீனில், டியூஷன் முடிந்து வரும் பேருந்தில், எங்கே பார்த்தாலும் இதே பேச்சு. கையில் இருக்கும் பக்கங்களை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு மனிதனை எடை போட வேண்டியிருந்தது. விடையைத் தெரிந்துகொண்ட பிறகு ஆதாரம் தேடுகிறவனுக்குத் தனக்கு வேண்டியது மட்டும்தான் கண்ணில் படும். விடை தெரியாதவன் எல்லாவற்றையும் பார்ப்பான். இன்றைய பிள்ளைகளுக்கும் அது கிடைக்க வேண்டும் என்று நான் உண்மையாகவே ஆசைப்படுகிறேன்.

கதை தெரியாமல் முன்வரிசையில் வந்து உட்காரப்போகும் அம்மா அப்பாக்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஸ்நேப் இளமையில் வோல்டமார்ட்டின் கூட்டத்தில் இருந்தவர். பிறகு மனம் மாறி டம்பிள்டோரிடம் வந்து, தன் பழைய எஜமானை உளவு பார்த்தவர். வோல்டமார்ட் திரும்பி வந்ததும் டம்பிள்டோர் சொல்லி மறுபடியும் அந்தக் கூட்டத்துக்குள் போகிறார். இரண்டு தலைவர்களுமே ‘இவன் என் ஒற்றன்’ என்று நம்புகிறார்கள். ஆறாவது புத்தகத்தின் கடைசியில், ஆயுதமில்லாமல் நிற்கும் டம்பிள்டோரைத் தன் கையாலேயே கொல்கிறார்.

இதைக் கேட்டவுடன் பலருடைய கை இரண்டாம் அணிக்குத்தான் உயரும். வோல்டமார்ட்டின் ஆள் என்று வாதாட நிறையப் பொருள் இருக்கிறது, எல்லாமே பளிச்சென்று தெரிவது. ஹாரியின் பெற்றோர் சாகக் காரணமான தீர்க்கதரிசனத்தின் பாதியை ஒட்டுக்கேட்டு வோல்டமார்ட்டிடம் கொண்டுபோய்ச் சொன்னவர் ஸ்நேப்தான். வகுப்பில் நெவில் என்ற பையனை அவர் நடத்தும் விதத்தைப் படித்தால் எந்த ஆசிரியருக்கும் வயிறு எரியும். ஆறாவது புத்தகத்தின் இரண்டாம் அத்தியாயத்தில் வோல்டமார்ட்டின் தீவிர விசுவாசியான பெல்லாட்ரிக்ஸ் ஸ்நேப்பிடம் அடுக்கடுக்காகக் கேள்வி கேட்கிறாள்: எஜமான் வீழ்ந்தபோது ஏன் தேடிப் போகவில்லை, திரும்பி வந்தபோது ஏன் உடனே ஓடி வரவில்லை, இத்தனை வருடம் ஹாரி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும் ஏன் கொல்லவில்லை? ஒவ்வொன்றுக்கும் ஸ்நேப் நிதானமாகப் பதில் சொல்கிறார். போதாக்குறைக்கு, தான் கொடுத்த தகவலால்தான் எம்மெலின் வான்ஸ் என்ற பெண் பிடிபட்டுக் கொல்லப்பட்டாள் என்றும் சொல்கிறார். அவள் டம்பிள்டோர் அணியைச் சேர்ந்தவள். இந்த ஒரு வரியை மட்டும் வைத்துக்கொண்டு பத்து நிமிடம் பேசலாம். கைத்தட்டலும் கிடைக்கும்.

முதல்முறை மேடை ஏறுகிறவர்களுக்கு இந்த அணி நல்லது. கூட்டம் உங்கள் பக்கம் இருக்கும். நடுவர் இறுக்கிப் பிடித்தால் மட்டும் திணறுவீர்கள். ஆறாவது புத்தகத்தின் கடைசி ஓட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். டம்பிள்டோர் செத்துவிட்டார். ஸ்நேப் இனி நடிக்க வேண்டிய ஆள் அங்கே யாரும் இல்லை. ஹாரி பின்னாலேயே துரத்திக்கொண்டு மந்திரத்துக்கு மேல் மந்திரம் ஏவுகிறான். ஸ்நேப் ஒவ்வொன்றையும் தட்டிவிடுகிறாரே தவிர, கொல்லவோ கடத்திக்கொண்டு போகவோ கை ஓங்கவில்லை. வேறொருவன் ஹாரியை வதைக்கத் தொடங்கும்போது ஸ்நேப் கத்தி அதை நிறுத்துகிறார். பையன் எஜமானுக்கு உரியவன், விட்டுவிட்டு வா என்கிறார். அது சரியான காரணமாகவே இருக்கட்டும். ஆனால் தப்பி ஓடுகிற அந்த நேரத்திலும், வாயை மூடிக்கொண்டு மனதை அடைத்துக்கொண்டு சண்டை போடக் கற்றுக்கொள்ளாதவரை உன் மந்திரம் எடுபடாது என்று ஹாரியிடம் சொல்கிறாரே, அது எதற்கு? எதிரியின் கையில் இருக்கும் ஓட்டையை எதிரிக்கே காட்டிக்கொடுக்கிறவன் யாருடைய ஆள்? கோழை என்ற சொல் காதில் விழுந்தபோதுதான் நிதானம் இழந்து, சாட்டை போன்ற ஏதோ ஒன்றால் ஹாரியின் முகத்தில் அறைகிறார். கொலைகாரன் என்றால் பொறுக்கலாம், கோழை என்றால் பொறுக்க முடியாது என்பது போல இருக்கிறது அந்தக் கோபம். வோல்டமார்ட்டின் விசுவாசி ஜெயித்துவிட்டுப் போகும் ராத்திரியில் அப்படித் துடிக்க வேண்டிய அவசியம் என்ன என்று முதல் அணி கேட்டால், இரண்டாம் அணியிடம் சரியான பதில் இல்லை.

மூன்றாம் அணிதான் இப்போது இளையர்களிடம் அதிக மவுசுள்ளது. யாரையும் நம்பாத, யாருக்கும் கட்டுப்படாத மனிதர் என்பது கேட்கவே நன்றாக இருக்கிறது. கெட்டிக்காரப் பிள்ளைகள் இதற்குத்தான் ஓடுகிறார்கள். கொஞ்சம் நில்லுங்கள் என்று சொல்வதற்காகத்தான் பாதிக் கட்டுரையையும் எழுதுகிறேன்.

தன் காரியத்தை மட்டும் பார்த்துக்கொண்ட இரட்டை உளவாளி எப்படி இருப்பான் என்று தெரிய வேண்டுமானால் மந்திர உலகத்துக்குப் போக வேண்டாம். நம் ஊர் வரலாற்றிலேயே ஒருவர் இருக்கிறார். லாய் டெக் 1939 முதல் 1947 வரை மலாயா கம்யூனிஸ்ட் கட்சியின் பொதுச் செயலாளர். அதே ஆள் போருக்கு முன்பு பிரிட்டிஷ் உளவுப் பிரிவுக்குத் தகவல் கொடுத்துக்கொண்டிருந்தவர். 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. சில வாரங்களில் அவர் கெம்பெய்த்தாய் எனப்படும் ஜப்பானிய ராணுவ போலீசிடம் சிக்கினார். உயிர் பிழைக்க அவர்களுக்கும் ஆளாகிவிட்டார். 1942 செப்டம்பர் 1 அன்று கோலாலம்பூருக்கு வெளியே பத்துமலைக்குப் பக்கத்தில் கட்சித் தலைவர்களும் கெரில்லாக்களும் கூடியிருந்தபோது ஜப்பானியப் படை சுற்றி வளைத்தது. தைப்பூசத்துக்கு நாம் போகிற அதே பத்துமலைதான். பலர் செத்தார்கள். பொதுச் செயலாளர் அன்று அங்கே வரவில்லை. போர் முடிந்ததும் மறுபடி பிரிட்டிஷ்காரர்களோடு ஒட்டிக்கொண்டார். கட்சிக்குள் சந்தேகம் முற்றியதும் 1947-இல் கட்சிப் பணத்தோடு தலைமறைவானார், அதே ஆண்டு பாங்காக்கில் கொல்லப்பட்டார்.

இந்த ஆளின் நடவடிக்கையில் ஓர் ஒழுங்கு தெரிகிறதல்லவா? ஆபத்து வரும் இடத்தில் இருக்க மாட்டார். யார் கை ஓங்குகிறதோ அவர்களுக்கு வேண்டியதைக் கொடுப்பார். எப்போதும் பின்கதவு திறந்தே இருக்கும். சுயநலத்துக்காக இரண்டு பக்கமும் ஆடுகிறவனுக்குப் பின்கதவுதான் உயிர்.

இப்போது ஸ்நேப்பின் வீட்டுக்கு வாருங்கள், அதே இரண்டாம் அத்தியாயம். டம்பிள்டோரைக் கொல்லும் வேலையை வோல்டமார்ட் டிராக்கோ என்ற மாணவனிடம் ஒப்படைத்திருக்கிறான். அவன் அம்மா நார்சிஸ்ஸா, பெல்லாட்ரிக்ஸின் தங்கை, மகனைக் காப்பாற்றச் சொல்லி ஸ்நேப்பிடம் அழுகிறாள். மீறினால் உயிர் போய்விடும் சத்தியம் ஒன்றைக் கேட்கிறாள். இருவரும் கையைப் பிடித்துக்கொண்டு மண்டியிடுகிறார்கள், பெல்லாட்ரிக்ஸ் மந்திரக்கோலை நீட்டி நிற்கிறாள். மகனைக் கவனித்துக்கொள்வாயா? ஆகட்டும். தீங்கு வராமல் பார்த்துக்கொள்வாயா? ஆகட்டும். ஒவ்வொரு ‘ஆகட்டும்’ வரும்போதும் மந்திரக்கோலிலிருந்து ஒரு நெருப்பு நாக்கு வந்து இரண்டு கைகளையும் சுற்றிக்கொள்கிறது. அவனால் முடியாமல் போனால், என்று அவள் மூன்றாவதைத் தொடங்கும்போதே அவள் கைக்குள் ஸ்நேப்பின் கை ஒரு முறை துடிக்கிறது. கையை இழுத்துக்கொள்ளவில்லை. எஜமான் அவனுக்கு இட்ட வேலையை நீ முடிப்பாயா என்கிறாள். ஒரு கணம் அமைதி. பிறகு அதற்கும் ஆகட்டும்.

பின்கதவை நம்பிப் பிழைக்கிற ஒருவன் இந்தச் சத்தியத்துக்குப் பக்கத்திலேயே போக மாட்டான். மறுப்பதற்கு நல்ல காரணமும் ஸ்நேப்பின் கையிலேயே இருந்தது. இந்த விஷயத்தை வெளியே பேசக்கூடாது என்பது வோல்டமார்ட்டின் கட்டளை. அதைச் சொல்லி அந்த அம்மாவை அனுப்பி வைத்திருந்தால் பெல்லாட்ரிக்ஸ் முணுமுணுத்திருப்பாள், அவ்வளவுதான். அதை விட்டுவிட்டுத் தன் உயிரையே பணயம் வைக்கிறார். தனக்குத் தானே ஆள் என்ற வாதம் என்னைப் பொறுத்தவரை அந்த இடத்திலேயே முறிந்துவிடுகிறது. டம்பிள்டோரைக் கொன்றது இந்தச் சத்தியத்தால் சாகாமல் தப்பிக்கத்தானே என்று மூன்றாம் அணி கேட்கும். சரி, அப்படியே இருக்கட்டும். ஆனால் அந்தச் சத்தியத்தை எதற்காகச் செய்தார் என்ற கேள்வி அப்படியேதான் நிற்கும்.

அப்புறம் முதல் அணி. எனக்குப் பிடித்த அணி இது. ஆனால் இதில் சேர்கிறவர்கள் முதல் நிமிடத்திலேயே செய்யும் தப்பு ஒன்று உண்டு. டம்பிள்டோர் நம்பினார், அதனால் நாமும் நம்பலாம் என்று தொடங்குவார்கள். தயவுசெய்து அப்படித் தொடங்காதீர்கள். ஏமாற்றுக்காரன் என்றால் முதலில் ஏமாறுகிறவர் டம்பிள்டோர்தானே? அவருடைய நம்பிக்கை சாட்சியாகாது. திருக்குறளில் ஒற்றாடல் என்று ஓர் அதிகாரமே இருக்கிறது. பட்டிமன்றத்துக்கு இதைவிடப் பொருத்தமான அதிகாரம் கிடைக்காது.

ஒற்றொற்றித் தந்த பொருளையும் மற்றுமோர்
ஒற்றினால் ஒற்றிக் கொளல்.

ஓர் ஒற்றன் கொண்டுவந்ததை இன்னோர் ஒற்றனை வைத்துச் சரிபார்த்துக்கொள் என்கிறார் வள்ளுவர். டம்பிள்டோரிடம் அந்த இன்னோர் ஒற்றன் இல்லை. எதிரணி இந்தக் குறளை எடுத்து வீசினால் முதல் அணி வாயடைத்து உட்கார வேண்டியதுதான். ஆனால் அதே அதிகாரத்தின் கடைசிக் குறள் உங்களுக்குக் கைகொடுக்கும்: ஒற்றனுக்குப் பலரறியச் சிறப்புச் செய்யாதே, செய்தால் மறைத்து வைத்ததை நீயே வெளியே போட்டதாகிவிடும். ஸ்நேப்பை ஏன் நம்புகிறீர்கள் என்று ஹாரி கேட்கும்போது டம்பிள்டோர் உடனே பதில் சொல்வதில்லை. எதையோ சொல்லலாமா வேண்டாமா என்று மனதுக்குள் முடிவு செய்கிறவர் போலக் கொஞ்சம் நிற்கிறார். பிறகு, முழுமையாக நம்புகிறேன் என்று மட்டும் சொல்கிறார். காரணத்தைச் சொன்னால் ஒற்றன் செத்தான் என்று தெரிந்தவரின் தயக்கமாகவும் அதைப் படிக்கலாம்.

முதல் அணியின் உண்மையான பலம் வேறு இடத்தில் இருக்கிறது. காட்டோரமாக டம்பிள்டோரும் ஸ்நேப்பும் சண்டை போட்டுக்கொண்டதைத் தற்செயலாகக் கேட்டதாகப் பள்ளியின் காட்டுக் காவலர் ஹாக்ரிட் ஹாரியிடம் உளறிவிடுகிறார். நீங்கள் எல்லாவற்றையும் உங்கள் இஷ்டப்படியே எடுத்துக்கொள்கிறீர்கள், எனக்கு இனி அதைச் செய்ய விருப்பம் இல்லை என்கிற மாதிரி ஸ்நேப் சொன்னாராம். செய்வதாக ஒத்துக்கொண்டாய், அவ்வளவுதான் என்றாராம் டம்பிள்டோர். எதைச் செய்ய? இந்தக் கேள்வியை மேடையில் அப்படியே தொங்கவிடுங்கள்.

அடுத்தது டம்பிள்டோர் கொல்லப்படும் கோபுரம். இங்கே நிதானமாகப் படிக்க வேண்டும். அதற்கு முந்தின அத்தியாயத்தில் குகைக்குள் டம்பிள்டோர் ஹாரியிடம் ஒரு வாக்கு வாங்கியிருக்கிறார்: நான் எவ்வளவு கெஞ்சினாலும் இந்த விஷத்தை எனக்கு ஊட்டிக்கொண்டே இரு. ஹாரி ஊட்டுகிறான். அவர் கதறக் கதற, தன்னையே வெறுத்துக்கொண்டு, செய்வதை நினைத்து அருவருத்துக்கொண்டு ஊட்டுகிறான். குகையிலிருந்து மீண்டதும் எனக்கு வேண்டியது ஸ்நேப்தான் என்கிறார் டம்பிள்டோர். மறு அத்தியாயத்தில் அதே டம்பிள்டோர் ஸ்நேப்பைப் பெயர் சொல்லிக் கெஞ்சுகிறார், ஸ்நேப்பின் முகத்தில் வெறுப்பும் அருவருப்பும் செதுக்கி வைத்தது போல நிற்கின்றன. குகையில் ஹாரிக்கு இருந்த அதே இரண்டு உணர்ச்சிகள். ஹாரியின் வெறுப்பு டம்பிள்டோர் மேல் இல்லை என்று நமக்குத் தெரியும். அப்படியானால் ஸ்நேப்பின் வெறுப்பு யார் மேல்? எதை வேண்டிக் கெஞ்சினார் என்பதும் புத்தகத்தில் இல்லை. கொல்லாதே என்றாரா, கொன்றுவிடு என்றாரா? 2005-க்கும் 2007-க்கும் நடுவில் ஆயிரக்கணக்கான வாசகர்கள் இந்த இரண்டு அத்தியாயங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தது இதற்காகத்தான்.

முதல் அணி பதில் சொல்லியே ஆக வேண்டிய கணக்கு ஒன்று இருக்கிறது. எம்மெலின் வான்ஸ். நல்ல பக்கத்து ஒற்றன் என்றால் அவள் சாவுக்கு எப்படிக் காரணமானான்? இரண்டாம் உலகப் போரின் கார்போவை நினைத்துப் பாருங்கள். ஹுவான் புஜோல் கார்சியா என்ற ஸ்பானியர், பிரிட்டனுக்காக ஜெர்மனியை ஏமாற்றியவர். 1944-இல் ஜெர்மனி இரும்புச் சிலுவை கொடுத்தது, அதே ஆண்டு பிரிட்டன் எம்பிஇ விருது கொடுத்தது. நார்மண்டித் தரையிறக்கம் பற்றி அவர் ஜெர்மானியர்களுக்கு அனுப்பியது உண்மைத் தகவல்தான். அவர்களால் எதுவும் செய்ய முடியாத அளவுக்குத் தாமதமாகப் போய்ச் சேர்ந்ததால் உயிர்ச் சேதம் இல்லாமல் நம்பிக்கை மட்டும் கூடியது. நம்பிக்கையைச் சம்பாதிக்க உண்மையைக் கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்று இதைக் காட்டலாம். ஆனால் கார்போவின் அந்த உண்மை யாரையும் கொல்லவில்லை, ஸ்நேப்புடையது கொன்றது. அதை மழுப்பாதீர்கள். பெல்லாட்ரிக்ஸிடம் நல்ல பேர் வாங்க அவர் தானாகச் சொல்லிக்கொண்டது அது, வேறு சாட்சி இல்லை என்று மட்டும் சொல்லலாம். அதற்கு மேல் போனால் ஒரு பெண்ணின் சாவை நியாயப்படுத்துகிற மாதிரி ஆகிவிடும். அந்தப் புள்ளியை எதிரணிக்கு விட்டுக்கொடுத்துவிடுங்கள், நடுவர் உங்களை மதிப்பார்.

வீடணனைக் கொண்டுவரலாமா என்று ஒரு தங்கை கேட்டாள். வேண்டாம். வீடணன் எல்லோரும் பார்க்க அண்ணனை விட்டுப் பிரிந்து வந்தவன், திரும்பிப் போகவில்லை. இரண்டு பாசறையிலும் ஒரே நேரத்தில் சோறு தின்றவனுக்கு அவன் உவமையாக மாட்டான்.

ஸ்நேப் ஏன் பக்கம் மாறினார் என்பதற்கு முதல் அணி ஒரு காரணமாவது காட்ட வேண்டும். ஐந்தாவது புத்தகத்தில் ஹாரி எட்டிப் பார்க்கும் அந்த நினைவை எடுத்துக்கொள்ளுங்கள். எல்லார் முன்னாலும் ஹாரியின் அப்பா ஸ்நேப்பைத் தலைகீழாகத் தொங்கவிட்டு அவமானப்படுத்துகிறார். அந்த அத்தியாயம் அதை ஸ்நேப்பின் மிக மோசமான நினைவு என்கிறது. அவமானம்தான் காரணம் என்று எல்லோரும் கடந்துபோய்விடுவார்கள். ஆனால் அங்கே இன்னொன்றும் நடக்கிறது: தனக்காகப் பரிந்து பேச வந்த லில்லியை, பின்னால் ஹாரிக்கு அம்மா ஆகப்போகிறவளை, ஸ்நேப் இழிசொல்லால் திட்டிவிடுகிறார். அவள் போய்விடுகிறாள். ஸ்நேப் ஒட்டுக்கேட்டுக் கொண்டுபோய்ச் சொன்ன செய்தியால் பிறகு செத்ததும் அவள்தான். இந்த இரண்டையும் சேர்த்துப் படித்துச் சொல்கிற பேச்சாளர் மற்ற அணிகளைவிட ஒரு படி மேலே நிற்பார்.

ஆக, என் யோசனை இது. மேடைக்குப் புதியவர்கள் இரண்டாம் அணிக்குப் போகலாம், பயம் தெளியும். வாதத்தில் நல்ல பழக்கம் உள்ள தொடக்கக் கல்லூரி அண்ணன் அக்காக்கள் மூன்றாவதை எடுத்துக்கொள்ளட்டும். சத்தியத்தைத் தாண்டி அவர்களால் ஒரு வழி கண்டுபிடிக்க முடிந்தால் கேட்க நானும் ஆவலாக இருக்கிறேன். பொறுமையாகப் பக்கம் புரட்டுகிறவர்கள் முதல் அணிக்கு வாருங்கள். சத்தமாகப் பேச வராதவர்கள் என்றாலும் பரவாயில்லை, அந்த அணிக்கு வேண்டியது குரல் இல்லை.

யார் எந்த அணி என்றாலும் ஆறாவது புத்தகத்தின் 2, 26, 27, 28 ஆகிய நான்கு அத்தியாயங்களையும் ஐந்தாவதின் 28-ஆம் அத்தியாயத்தையும் மறுபடி படித்துவிட்டு ஒத்திகைக்கு வாருங்கள். படம் பார்த்த ஞாபகத்தில் வராதீர்கள். ஸ்நேப்பின் கை துடிப்பது வாக்கியத்தின் எந்த இடத்தில் என்று நடுவர் கட்டாயம் கேட்பார்.